கணினிக் கடிகாரம் பிந்துகிறதா? வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் கடிகாரத்தைப் பற்றியவை. அதனால் பிரிண்டர், வைரஸ் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்; கோபித்துக்கொள்ள வேண்டாம். கட்டளைகளை வழக்கம்போல ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பழைய பென்டியம் 4 கணினி ஒன்றில் டெபியன் 7 லினக்ஸ் போட்டு, பாடவேளை மணியை அதிலிருந்துதான் அடிக்கிறோம். குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓடவைக்கும் கிரானில் நேரங்களை எழுதி வைத்திருக்கிறேன். நேரம் வந்ததும் மணிச் சத்தம் ஆம்ப்ளிஃபயர் வழியாக ஒலிபெருக்கிக்குப் போகும். இணைய இணைப்பு கிடையாது. காலை எட்டு மணிக்கு இயக்கி மாலை ஐந்து மணிக்கு அணைப்போம். திங்கள் காலையில் நேரத்தைச் சரியாக வைத்தால் வெள்ளி மாலைக்குள் நான்கு நிமிடம் பிந்திவிடுகிறது. கடைசிப் பாடவேளை எடுக்கும் ஆசிரியர்களுக்கு எரிச்சல், பிள்ளைகளுக்கு அதைவிட எரிச்சல். கடைக்காரர் பேச்சைக் கேட்டு மதர்போர்டு பேட்டரியை இரண்டு தடவை மாற்றியும் பயனில்லை. இதில் எனக்குப் புரியாத விஷயம், கோடை விடுமுறையில் ஒன்றரை மாதம் அணைந்தே கிடந்த கணினியைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிடம் அளவுக்குத்தான் பிந்தியிருந்தது.
— கணித ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்

பதில்: சார், உங்களுக்குப் புரியவில்லை என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் பாதி விடை இருக்கிறது. பேட்டரி மேல் பழி போடுவது எங்கள் தொழிலில் ஒரு வியாதி. நேரம் தப்பினால் "பேட்டரியை மாத்துங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார்கள். பேட்டரி செத்தால் நேரம் நான்கு நிமிடம் பிந்தாது. தேதியே 2000 ஜனவரி 1 என்றோ, பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) தயாரான ஆண்டுக்கோ போய் நிற்கும். உங்கள் பேட்டரி முதலிலும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

உங்கள் கணினிக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று மதர்போர்டில் இருப்பது. ஹார்டுவேர் கிளாக், ஆர்டிசி, சீமாஸ் கடிகாரம் என்று பல பெயரில் சொல்வார்கள். நொடிக்கு 32,768 தடவை அதிரும் சின்னக் குவார்ட்ஸ் படிகம் ஒன்று அதை ஓட்டுகிறது. கணித ஆசிரியர் என்பதால் சொல்கிறேன், அந்த எண் இரண்டின் பதினைந்தாம் அடுக்கு. பதினைந்து தடவை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும் என்பதற்காகத்தான் அந்த எண். மின்சாரம் இல்லாதபோது இந்தக் கடிகாரத்தை ஓட வைப்பது மட்டும்தான் பேட்டரியின் வேலை.

மற்றது சிஸ்டம் கிளாக். கணினி இயங்கத் தொடங்கும்போது லினக்ஸ் ஒரே ஒருமுறை ஆர்டிசியைப் பார்த்து நேரத்தை எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பாது. தானே எண்ணிக்கொண்டு போகும். டேட் என்று தட்டினால் வருவதும், கிரான் பார்ப்பதும், உங்கள் மணியை அடிப்பதும் இந்த இரண்டாவது கடிகாரம்தான்.

இப்போது உங்கள் விடுமுறைக் கணக்குக்கு வருவோம். ஒன்றரை மாதமும் ஓடியது ஆர்டிசி மட்டும். அது இழந்தது ஒரு நிமிடம், அதாவது நாளுக்கு ஒன்றேகால் நொடிக்குச் சற்று மேல். அந்த விலைக்கு வரும் படிகத்துக்கு இது நல்ல மதிப்பெண். இன்னொன்றும் உண்டு. இந்த வகைப் படிகம் 25 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் ஒழுங்காக ஓடும். சூடு ஏறினாலும் இறங்கினாலும் பிந்தும். வித்தியாசத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பிந்தும். மே மாதம் பூட்டிய அறை 40 டிகிரி இருந்திருந்தால், அதனால் மட்டுமே நாளுக்கு அரை நொடிக்கு மேல் போயிருக்கும். ஆக உங்கள் ஆர்டிசி குற்றமற்றது. கணினி ஓடும் நேரத்தில் மட்டும் பிந்துகிறது என்றால் குற்றவாளி சிஸ்டம் கிளாக். தினமும் அணைக்கும்போது டெபியன் 7 தன் தவறான நேரத்தை ஆர்டிசியில் எழுதிவைத்துவிட்டுத்தான் அணைகிறது. மறுநாள் காலை அந்தத் தவறே திரும்ப வருகிறது. அதனால்தான் வெள்ளிக்கிழமைக்குள் நாள் நாளாகச் சேர்ந்து நான்கு நிமிடமாகிறது.

இதை நம்பிக்கையில் எடுத்துக்கொள்ள வேண்டாம், சோதித்துப் பாருங்கள். காலையில் இயக்கியதும் நேரத்தைக் கைபேசியோடு ஒத்து வைத்து, எச்டபிள்யூகிளாக் கட்டளையை --சிஸ்டுஎச்சி என்ற விருப்பத்தோடு (நடுவில் வரும் 'டு'வை டி, ஓ என்று தட்டுங்கள்) கொடுத்து ஆர்டிசியிலும் எழுதிவிடுங்கள். மாலை அணைப்பதற்கு முன் டேட் என்று ஒருமுறை, எச்டபிள்யூகிளாக் --ஷோ என்று ஒருமுறை. வாரத்துக்கு 240 நொடி என்றால் ஒரு நாளுக்கு 48 நொடி. டேட் சுமார் 48 நொடி பின்னால் நிற்கும். ஆர்டிசி கைபேசியோடு ஒத்துப்போகும். அப்படித்தான் வர வேண்டும். ஒத்துப் பார்க்க டிடிஎச்சில் வரும் செய்திச் சேனலின் மூலைக் கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். சிக்னல் செயற்கைக்கோள் வரை போய்வந்து, பெட்டிக்குள் பிரிந்து திரைக்கு வருவதற்குள் சில நொடி கடந்திருக்கும். ரேடியோவில் ஆகாசவாணிச் செய்திக்கு முன் வரும் 'பிப்' ஒலி பரவாயில்லை. அதையே கைபேசிச் செயலியில் கேட்டால் அதுவும் பிந்தித்தான் வரும்.

சரி, சிஸ்டம் கிளாக் ஏன் பிந்துகிறது? அது எண்ணுவதற்கு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஏதோ ஒரு எண்ணியைப் பிடித்துக்கொள்கிறது. செயலிக்குள் (பிராசசர்) இருக்கும் டிஎஸ்சி, மதர்போர்டில் இருக்கும் ஏசிபிஐ டைமர், புதிய போர்டுகளில் எச்பெட் என்று சில உண்டு. டிஎஸ்சி வேகமானது, படிப்பதற்குச் செலவு இல்லாதது, அதனால் கெர்னலுக்குச் செல்லப்பிள்ளை. ஆனால் பழைய செயலிகளில் அது செயலியின் வேகத்தோடு ஏறி இறங்கும். போதாததற்கு, அதன் வேகம் என்ன என்று கெர்னல் ஒவ்வொரு முறை இயங்கும்போதும் புதிதாக அளக்கிறது. அந்த அளவு கொஞ்சம் பிசகினால் அன்று முழுக்கப் பிசகுதான். இதைவிடப் பழைய கெர்னல்களில் வேறொரு கூத்து நடக்கும். வட்டு மும்முரமாகச் சுழலும்போது டைமர் துடிப்புகளே காணாமல் போகும், பெரிய கோப்பைப் படியெடுத்தால் கடிகாரம் பின்தங்கும். 2006-இல் வந்த 2.6.18 கெர்னலில் இந்தப் பகுதியைத் திருத்தி எழுதிய பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் போயிற்று. உங்களுடையது அதற்குப் பிந்தையது, அதை விட்டுவிடுவோம்.

உங்கள் கணினி எதைப் பிடித்திருக்கிறது என்று பார்க்க /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/கிளாக்சோர்ஸ்/கிளாக்சோர்ஸ்0 என்ற அடைவுக்குப் போங்கள். அங்கே கரண்ட்_கிளாக்சோர்ஸ் என்ற கோப்பைக் கேட் கட்டளையால் திறந்தால் ஒரே ஒரு சொல் இருக்கும். அவெய்லபிள்_கிளாக்சோர்ஸ் என்ற கோப்பில் வேறு எவையெல்லாம் கிடைக்கும் என்று இருக்கும். முதல் கோப்பில் டிஎஸ்சி என்றும் இரண்டாவதில் ஏசிபிஐ_பிஎம் என்றும் இருந்தால், ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக இருந்துகொண்டு எக்கோ கட்டளையால் ஏசிபிஐ_பிஎம் என்பதை முதல் கோப்புக்குள் எழுதுங்கள். மறுதொடக்கம் தேவையில்லை, அந்த நொடியே மாறிவிடும். அன்று மாலை மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள். 48 நொடி ஒன்றிரண்டு நொடியாகக் குறைந்திருந்தால் வேலை முடிந்தது. நிரந்தரமாக்க /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் கெர்னல் கட்டளை வரிக்குள் கிளாக்சோர்ஸ்=ஏசிபிஐ_பிஎம் என்று சேர்த்து அப்டேட்-கிரப் கொடுத்துவிடுங்கள். ஏசிபிஐ டைமர் கொஞ்சம் மந்தம்தான். மணி அடிக்கும் கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அப்படியும் பிந்தினால் அவசரப்பட்டு எதையும் தொடாதீர்கள். ஒரு வாரம் தினமும் மாலையில் எத்தனை நொடி என்று குறித்து வையுங்கள். எண் என்னவாக இருந்தாலும் சரி, அது தினமும் ஒன்றாக இருக்கிறதா என்பதே கேள்வி. 47, 48, 49 என்று வந்தால் உங்களிடம் இருப்பது நல்ல கடிகாரம். அதற்கு வேகம்தான் தப்பு, குணம் தப்பில்லை. ஒரு நாள் 20, மறுநாள் 70 என்று வந்தால் அதைத் திருத்த முடியாது, மேய்க்கத்தான் முடியும். நேரத்தைத் திங்கள்தோறும் திருப்பி வைக்கும் பழக்கத்தில் இந்த வேறுபாடு யார் கண்ணிலும் படாமலே போய்விடுகிறது. திருப்பி வைக்கும் ஒவ்வொரு தடவையும் அளவெடுக்கும் வாய்ப்பு ஒன்று வீணாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே சீராகப் பிந்துகிறதென்றால் அட்ஜ்டைம்எக்ஸ் என்ற கருவி இருக்கிறது. ஊசல் கடிகாரத்தில் குண்டுக்குக் கீழே ஒரு திருகு இருக்குமே, அதைத் திருகி வேகத்தை மாற்றுவோமே, அது செய்யும் வேலை அதுதான். ஒரு டிக் என்பது 10,000 மைக்ரோ நொடி என்று கெர்னல் கணக்கு வைத்திருக்கிறது. அதை 10,001 ஆக்கினால் கடிகாரம் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு விரைவாக ஓடும். முழு நாளுக்கு 8.64 நொடி. உங்கள் கணக்கைப் போடுவோம். ஐந்து நாள், நாளுக்கு ஒன்பது மணி நேரம், மொத்தம் 1,62,000 நொடி. இழப்பு 240 நொடி. பத்து லட்சத்துக்குச் சுமார் 1,480. ஆக டிக்கை 10,015 ஆக்கினால் 1,500 பங்கு விரைவாகும். மிச்சம் இருக்கும் சுமார் இருபது பங்கு, ஒரு நாள் பள்ளி நேரம் முழுக்கச் சேர்ந்தாலும் அரை நொடி அளவுக்கே முந்தும். அதையும் விடமாட்டேன் என்றால் ஃப்ரீக்வென்சி என்ற இன்னொரு எண்ணைத் தொடலாம். அதில் 65,536 என்றால் பத்து லட்சத்துக்கு ஒரு பங்கு. பள்ளி மணிக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

இந்தக் கருவி டெபியனோடு தானாக வராது. பழைய பதிப்புகளின் ஆவணத் தளத்திலிருந்து பென் டிரைவில் எடுத்துவந்து நிறுவ வேண்டும். அதில் ஒரு வசதி உண்டு. அட்ஜ்டைம்எக்ஸ்கான்ஃபிக் என்று கொடுத்தால் சிஸ்டம் கிளாக்கையும் ஆர்டிசியையும் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வேண்டிய எண்களைத் தானே /ஈடிசி/டிஃபால்ட்/அட்ஜ்டைம்எக்ஸ் கோப்பில் எழுதிக்கொள்ளும். ஆர்டிசி யோக்கியமாக இருந்தால்தான் இந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு. உங்களுடையது யோக்கியம் என்று விடுமுறையே சான்றிதழ் கொடுத்துவிட்டது. நீங்கள் கையால் போட்ட 10,015-க்குப் பக்கத்தில் அதுவும் வருகிறதா என்று பார்ப்பது நல்ல சரிபார்ப்பு.

சீராக இல்லை, மேய்க்கத்தான் வேண்டும் என்றால், மணிக்கு ஒருமுறை ஆர்டிசியிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி ரூட்டின் கிரானில் எச்டபிள்யூகிளாக் --எச்சிடுசிஸ் என்று ஒரு வரி எழுதுங்கள். மணிக்கு ஐந்து நொடி போல ஒரு சின்னத் தாவல் இருக்கும். மணி அடிக்கும் நிமிடத்தில் அது நடக்காதபடி வேறொரு நிமிடமாகப் பார்த்து வையுங்கள். கூடவே, அணையும்போது தவறான நேரம் ஆர்டிசிக்குள் போகாமல் தடுக்க வேண்டும். டெபியன் 7-இல் /ஈடிசி/இனிட்.டி அடைவில் எச்டபிள்யூகிளாக்.எஸ்எச் என்ற கோப்பு இருக்கிறது. அதில் ஸ்டாப் பகுதிக்குள் சிஸ்டுஎச்சி என்று வரும் கட்டளையைச் செயலிழக்கச் செய்யுங்கள். தொடுவதற்கு முன் கோப்பை ஒரு படி எடுத்து வேறிடத்தில் வைக்க மறக்காதீர்கள்.

இன்னும் ஒரு கோப்பையும் எட்டிப் பாருங்கள்: /ஈடிசி/அட்ஜ்டைம். முதல் வரியின் முதல் எண், ஆர்டிசி நாளுக்கு எத்தனை நொடி தப்புகிறது என்று கணினி நினைத்திருக்கும் அளவு. உங்களுக்கு ஒன்று, ஒன்றரைக்குப் பக்கத்தில் இருந்தால் சரி. பத்து, இருபது என்று இருந்தால், ஒவ்வொரு திங்களும் நேரத்தை மாற்றி மாற்றி வைத்ததில் அதற்குக் குழம்பியிருக்கிறது. அதைச் சுழியமாக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

தலைமையாசிரியர் சம்மதித்தால் இதையெல்லாம்விடச் சுலபமான வழியும் உண்டு. இணையத்தில் நேரம் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தும் குரோனி என்ற மென்பொருளை நிறுவி, வாரத்தில் ஓரிரு நாள் உங்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை அரைமணி நேரம் காட்டுங்கள். நேரம் கேட்டுப் போகும் என்டிபி பொட்டலம் ஒன்று 48 பைட்தான். ஆசிரியர் குழுவில் வரும் காலை வணக்கப் படம் ஒன்றுக்குச் செலவாகும் டேட்டாவில் சில வாரம் ஓட்டிவிடலாம். என்டிபிடி என்ற பழைய மென்பொருளைப் போடாதீர்கள். பத்து லட்சத்துக்கு 500 பங்குக்கு மேல் தப்பும் கடிகாரத்தை அதனால் இழுத்துப் பிடிக்க முடியாது. குரோனி டிக்கையும் சேர்த்துத் திருத்துவதால் உங்கள் 1,480 அதற்குப் பெரிதில்லை.

கேள்வி: மகளுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினியில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் இருக்கின்றன. லினக்ஸில் நேரத்தைச் சரிசெய்தால் விண்டோஸில் தப்பாகிறது, அங்கே திருத்தினால் இங்கே தப்பாகிறது. பேட்டரி போய்விட்டதா?
— இல்லத்தரசி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, எவ்வளவு தப்பாகிறது என்று எழுதவில்லை. எழுதாவிட்டாலும் சொல்கிறேன்: சரியாக ஐந்தரை மணி நேரம். கூடாது, குறையாது. அப்படி முழுசாக ஒரு எண் வந்தால் அது கடிகாரக் கோளாறே இல்லை. விண்டோஸ் ஆர்டிசியில் இந்திய நேரத்தை எழுதி வைக்கும். லினக்ஸ் அங்கே உலகப் பொது நேரம் (யுடிசி) இருப்பதாக நினைத்து, அதோடு ஐந்தரையைக் கூட்டிக் காட்டும். இருவரும் தங்கள் வழக்கப்படி எழுதி எழுதி மற்றவரைக் குழப்புகிறார்கள்.

யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். லினக்ஸை விட்டுக்கொடுக்க வைப்பது எளிது: டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1. அந்தக் கட்டளையே இல்லாத பழைய பதிப்பாக இருந்தால் /ஈடிசி/அட்ஜ்டைம் கோப்பின் மூன்றாவது வரியில் யுடிசி என்று இருப்பதை லோக்கல் என்று பெரிய எழுத்தில் மாற்றுங்கள். இப்படிச் செய்யாதே, விண்டோஸைத்தான் மாற்ற வேண்டும் என்று லினக்ஸ்காரர்கள் எச்சரிப்பார்கள். கோடைக்கு ஒருமுறை, குளிருக்கு ஒருமுறை கடிகாரத்தை நகர்த்தும் நாடுகளில் அந்த எச்சரிக்கை மிகச் சரி. இருவரும் ஆளுக்கொருமுறை நகர்த்திவிடுவார்கள். இந்தியாவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குப் பிறகு அந்த வழக்கம் இல்லை. தாராளமாகச் செய்யுங்கள்.

கேள்வி: மாமா தந்த பழைய கணனியில் ரெட் ஹாட் 9 லினக்ஸ் இருக்கிறது. அதிலே பழைய விளையாட்டுகள் சில ஓடுவதால் மாற்ற மனமில்லை. கொழும்பு நேரம் என்று தெரிவு செய்தால் எப்போதும் அரை மணித்தியாலம் முந்திக் காட்டுகிறது. திருத்தி வைத்தாலும், நேர வலயத்தைத் தொட்டவுடன் மறுபடி அதே கதை.
— மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: தம்பி, உங்கள் கணினி 2003-லேயே நின்றுவிட்டது. ரெட் ஹாட் 9 வந்த ஆண்டு அது. இலங்கை 1996-இல் மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது, அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது, அப்புறம் பத்து ஆண்டு ஆறு மணி வித்தியாசத்திலேயே இருந்தது. 2006 ஏப்ரல் 15 அன்றுதான் பழையபடி ஐந்தரைக்குத் திரும்பியது. உங்கள் கணினியில் இருக்கும் நேர வலயக் கோப்புக்கு அந்தக் கடைசிச் செய்தி வந்து சேரவில்லை. பாவம், யார் சொல்வார்கள்?

ஏசியா அடைவில் கல்கத்தா என்ற வலயத்தைத் தெரிவு செய்யுங்கள். பழைய பதிப்பு என்பதால் கொல்கத்தா என்ற பெயர் அதில் இருக்காது. இன்றைய தேதிக்குக் கொழும்பும் கல்கத்தாவும் ஒரே நேரம். ஆனால் 1996-க்கும் 2006-க்கும் இடைப்பட்ட கோப்புகளின் தேதி அரை மணி பின்னே தெரியும். அது உறுத்தினால் புதிய லினக்ஸ் ஒன்றின் டேட்டாவிலிருந்து கொழும்புக்கான வலயத்தைத் தொகுத்துப் போட வேண்டும்; ரெட் ஹாட் 9-இல் உள்ள ஜிக் என்ற கட்டளை அதற்குத்தான். புதிய கணினியிலிருந்து கோப்பை அப்படியே படியெடுத்து வைத்துவிடாதீர்கள். இப்போதைய கோப்பின் அமைப்பு வேறு, பழைய மென்பொருளுக்கு அது படிக்க வராமல் போகலாம்.

கேள்வி: பனியன் கம்பெனிக் கணக்குகளுக்கு உபுண்டு சர்வர் ஒன்று வைத்திருக்கிறோம். பத்து ஆண்டுப் பழசு. தினமும் நள்ளிரவு 12 மணிக்கு, இணையத்தில் நேரம் கேட்டுத் திருத்தும் என்டிபிடேட் ஓடும்படி கிரானில் எழுதியிருக்கிறார் முன்பு இருந்தவர். சில நாள் பில்களின் நேரம் முன்னுக்குப் பின் மாறி வருகிறது. தணிக்கையாளர் கேள்வி கேட்கிறார்.
— கணக்காளர், திருப்பூர்

பதில்: ஐயா, நள்ளிரவு பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்தாரே, அவரைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. தேதி மாறும் நேரத்தில் கடிகாரத்தைத் தொட்டால், நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் கை வைத்த மாதிரி. கடிகாரம் எட்டு நொடி முந்தியிருந்தால், 12 மணி அடித்ததும் என்டிபிடேட் அதைப் பிடித்து 11:59:52-க்குத் தள்ளும். அந்த எட்டு நொடியில் போட்ட பில்கள் இரண்டு தடவை நடந்த நேரத்தில் உட்கார்ந்திருக்கும். தணிக்கையாளர் கேட்டது நியாயம்.

நேரத்தைத் திருத்த இரண்டு வழி. ஒன்று தாவுவது. மற்றது கடிகாரத்தைக் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடவிட்டு, மெல்லச் சரியான நேரத்தோடு சேர்ப்பது. கணக்கு எழுதும் கணினி ஒருபோதும் பின்னோக்கித் தாவக் கூடாது. அந்தக் கிரான் வரியை அழித்துவிட்டுக் குரோனியை நிறுவுங்கள். அதன் அமைப்புக் கோப்பில் மேக்ஸ்டெப் 1 3 என்று ஒரு வரி இருக்கும். ஒரு நொடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், தொடங்கியதும் வரும் முதல் மூன்று திருத்தங்களில் மட்டும் தாவலாம், அதற்குப் பிறகு மெல்லத்தான் என்று அதற்குப் பொருள். அந்த வரியை அப்படியே விடுங்கள். ஆர்டிசிசிங்க் என்ற வரியும் இருக்கட்டும். அது இருந்தால் கெர்னல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை சரியான நேரத்தை மதர்போர்டுக் கடிகாரத்திலும் எழுதிவிடும். கரண்ட் போய் வந்தாலும் கவலையில்லை.

எந்தச் சர்வரைக் கேட்பது? டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம்தான் இந்திய நேரத்தின் காவலர். அதற்கு என்டிபி சர்வர் இருக்கிறது. தேசியத் தகவலியல் மையத்துக்கு சமய்1, சமய்2 என்ற பெயர்களில் சர்வர்கள் உண்டு. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, நிறுவனங்களின் கணினிகள் இவற்றோடோ, இவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடோ நேரம் ஒத்திருக்க வேண்டும் என்கிறது. தணிக்கையாளர் அடுத்து இதைத்தான் கேட்பார் என்பதால் இப்போதே செய்துவிடுங்கள். ஒன்றை மட்டும் எழுதாமல் மூன்று நான்கு சர்வர்களை எழுதுங்கள். இரண்டு சர்வர் வெவ்வேறு நேரம் சொன்னால் யார் சொல்வது சரி என்று குரோனிக்குத் தெரியாது. மூன்றாவது ஆள் இருந்தால்தான் பஞ்சாயத்து தீரும். ஃபயர்வாலில் யுடிபி 123 என்ற போர்ட் வெளியே போக அனுமதி வேண்டும்.

ஒரு நாள் ஓடியதும் குரோனிசி டிராக்கிங் என்று தட்டிப் பாருங்கள். ஃப்ரீக்வென்சி என்ற வரியில் உங்கள் கடிகாரம் இயல்பாக எவ்வளவு தப்புகிறது என்று பிபிஎம் (பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு) கணக்கில் வரும். பத்து இருபது என்றால் மறந்துவிடலாம். நூறைத் தாண்டினால் முதல் பதிலில் சொன்ன கிளாக்சோர்ஸ் விஷயத்தைப் பாருங்கள்.

கேள்வி: 32 பிட் லினக்ஸ் 2038-இல் நின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: 2038 ஜனவரி 19 அன்று நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு, 1970-லிருந்து எண்ணிவரும் நொடிகள் 32 பிட்டுக்குள் அடங்கும் கடைசி எண்ணைத் தொட்டுவிடும். பழைய மென்பொருள்கள் அடுத்த நொடியை 1901 என்று நினைக்கும். கெர்னல் 5.6-லிருந்து 32 பிட் கணினிக்கும் வழி செய்துவிட்டார்கள். ஆனால் மேலே ஓடும் மென்பொருள்களும் மாறியிருக்க வேண்டும். அதற்குள் உங்கள் மதர்போர்டின் கெப்பாசிட்டர்கள் உப்பியிருக்கும் என்பது என் தனிப்பட்ட கணிப்பு.

கேள்வி: தேதி 2000-க்குப் போய்விடுகிறது, பிரவுசரில் எந்தத் தளமும் திறக்காமல் சான்றிதழ் பிழை வருகிறது. இதற்காவது பேட்டரி மாற்றலாமா? நானே மாற்றலாமா?
— கல்லூரி மாணவி, சேலம்

பதில்: மாற்றலாம்மா, இது பேட்டரிதான். பிரவுசரின் கணக்கில் இப்போது 2000-ஆம் ஆண்டு. தளங்களின் சான்றிதழெல்லாம் எதிர்காலத்தில் தொடங்குவதாகத் தெரிவதால் எதையும் அது நம்பாது. தேதியைத் திருத்தினாலே திறந்துவிடும், ஆனால் மறுநாள் பழைய கதை. சிஆர்2032 என்று கேட்டு வாங்குங்கள். மூன்று வோல்ட் நாணய பேட்டரி, விலை சொற்பம்.

கழற்றுவதற்கு முன் பயாஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக சாட்டா பயன்முறை (வட்டோடு பேசும் முறை) ஐடிஇ என்று இருக்கிறதா, ஏஎச்சிஐ என்று இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியைக் கழற்றும்போது அது மாறிப்போகலாம்; மாறினால், விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடக்கூடும்; பேட்டரி மாற்றப்போய் வட்டு போய்விட்டது என்று அழுதுகொண்டு வருபவர்கள் உண்டு. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி விடுங்கள். கூட்டல் குறி உள்ள பக்கம் மேலே. பழைய பேட்டரியை மேசையில் போட்டு வைக்காதீர்கள். சின்னப் பிள்ளை விழுங்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். செத்த பேட்டரியில்கூட அதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும்.